ரெயிலரின் முன்பெட்டியும் என் மூச்சு மெசினும்

1.

எங்கள் கூடார ரெயிலருக்குக் காப்புறுதி புதுப்பிக்கும் நாள் வந்துவிட்டது. வாங்கி ஒரு வருடம் ஆகிறது. கூடார ரெயிலர் என்றால் ஊரில் இருக்கிற உங்களுக்கு உடனே விளங்காது, சொல்கிறேன். காருக்குப் பின்னால் கொழுவி இழுத்துப் போகிற இரண்டு சில்லு வண்டி அது. போன இடத்தில் மூடியைத் திறந்து விரித்தால் உள்ளே மடித்து வைத்த கூடாரம் எழும்பும், இடுப்பளவு உயரத்தில் ஒரு மெத்தையும் வரும். முன்பக்கம், காரோடு கொழுவுகிற இரும்புச் சட்டத்துக்கு மேல், ஒரு பெட்டி இருக்கும். தட்டுமுட்டுச் சாமான் எல்லாம் அதற்குள்தான். இந்த நாட்டுச் சனம் விடுமுறை வந்தால் இப்படி ஒன்றை இழுத்துக்கொண்டு காட்டுக்குப் போய், வீட்டில் இருக்கிற ஒரு வசதியும் இல்லாமல் நாலு நாள் கிடந்துவிட்டு, பெரிய சந்தோசத்தோடு திரும்பி வரும்.

காப்புறுதிக் கொம்பனியில் இருந்து ஒரு பெண்பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டு ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டாள். விபத்து ஏதும்? இல்லை. களவு? இல்லை. வண்டியில் மாற்றங்கள் செய்தீர்களா? செய்தோம், முன்பெட்டியை மாற்றினோம். என்ன நோக்கத்துக்காக?

பதினேழு வருடமாக இந்த நாட்டில் ஆங்கிலம் பேசிப் பிழைக்கிறேன். கிரான்பர்ன் பக்கம் பஸ் ஓடுகிறேன், ஒரு நாளைக்கு நூறு பேருக்காவது வழி சொல்கிறேன். இருந்தும் அந்தக் கேள்விக்கு எனக்கு வாய் வரவில்லை. "நித்திரை கொள்ள" என்றேன். பெட்டிக்குள்ளேயா என்று கேட்டாள். இல்லை, நித்திரை வெளியில், அதற்கான சாமான்தான் பெட்டிக்குள் என்று விளக்கப் போய் இன்னும் குழப்பினேன். கடைசியில் அவளே இரங்கி, சாமான் வைப்பதற்கு என்று எழுதிக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள்.

உண்மையான பதில் நீளமானது. நான் என் மகளுக்குச் சொன்ன ஒரு பொய் அதற்குள் இருக்கிறது. உங்களுக்குச் சொல்லலாம், நீங்கள் காப்புறுதிக் கட்டணத்தைக் கூட்டப் போவதில்லை.

2.

நான் குறட்டை விடுகிற ஆள். சும்மா குறட்டை இல்லை. என் அக்காவின் கலியாண வீட்டில், இரவுச் சாப்பாடு முடிந்து ஆண்கள் எல்லோரும் விறாந்தையில் வரிசையாகப் பாய் போட்டுப் படுத்தோம். விடிய எழும்பிப் பார்த்தால் என்னைச் சுற்றி ஒருவருமில்லை. அத்தனை பேரும் பாயை இழுத்துக்கொண்டு மாமரத்தடிக்குப் போயிருந்தார்கள், மாப்பிள்ளையின் தகப்பன் உட்பட. அன்றோடு எனக்கு 'மில்' என்று பெயர் வந்தது. பிறகு கொழும்பில் லொட்ஜ் அறையில் நாலு பேராக இருந்த காலத்தில், "மில்லை எத்தினை மணிக்குப் போடப் போறாய்? அதுக்கு முன்னம் நாங்கள் படுக்கவேணும்" என்று கேட்பார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன். சிரிக்காமல் என்ன செய்வது.

இங்கே அது சிரிப்பாக இருக்கவில்லை. 2009ஆம் ஆண்டு தொடக்கத்தில் ஒரு நாள், ஆளில்லாத பஸ்ஸை டிப்போவுக்குக் கொண்டுபோகும்போது சிவப்பு விளக்கில் நின்றபடி கண் அயர்ந்துவிட்டேன். பின்னால் நின்றவர் ஹோன் அடித்துத்தான் எழுப்பினார். பயந்துபோய் டொக்டரிடம் போக, அவர் உடம்பெல்லாம் வயர் ஒட்டி ஒரு இரவு படுக்க வைத்துச் சோதித்தார். நித்திரையில் எனக்கு மூச்சு நின்று நின்று வருகிறதாம். அதற்கு ஒரு மெசின் தந்தார்கள். மூக்கில் மாட்டுகிற முகமூடி, அதிலிருந்து ஒரு குழாய், குழாயின் மறுமுனையில் காற்று ஊதுகிற சின்னப் பெட்டி. ஒவ்வொரு இரவும் மாட்ட வேண்டும். பஸ் ஓட்டுகிறவன் என்பதால் வருடா வருடம் டொக்டர் அறிக்கை கொடுக்க வேண்டும். எத்தனை மணித்தியாலம் மாட்டினேன் என்பதை மெசினுக்குள் இருக்கிற ஒரு அட்டை பதிந்து வைக்கும். அந்த அட்டைக்குச் சாக்குப்போக்குச் சொல்ல முடியாது.

என் மனைவி சுகந்தி முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள், எந்த மெசினைக் கண்டும் அசரமாட்டாள். முதல் இரவு என்னைப் பார்த்துக் கும்பிட்டு, "பிள்ளையாருக்குப் பக்கத்தில படுக்கக் குடுத்து வைச்சிருக்கிறன்" என்றாள். கலியாணம் செய்து பதினைந்து வருடத்துக்குப் பிறகு இப்போதுதான் நித்திரை கொள்கிறேன் என்று விடிய எழும்பிச் சொன்னாள். எனக்கோ வெட்கம் பிடுங்கித் தின்றது. அந்தக் குழாயோடு பிறத்தியார் யாரும் என்னைப் பார்க்கக் கூடாது. அது இல்லாமல் படுத்தால் மில் ஓடும், அதையும் யாரும் கேட்கக் கூடாது. அதற்குப் பிறகு நான் ஒருவர் வீட்டிலும் இரவு தங்கவில்லை. சிட்னிச் சொந்தக்காரர் கூப்பிடும்போதெல்லாம் எனக்கு வேலை இருந்தது.

3.

என் மகள் அபி அப்போது ஒன்பதாம் வகுப்பு. ஒரு நாள் பள்ளிக்கூடத்தில் இருந்து படிவம் ஒன்று கொண்டுவந்தாள். தகப்பனும் பிள்ளையும் சேர்ந்து போகிற இரண்டு நாள் முகாம், கூடாரத்தில் தங்குவது. ஒரு கூடாரத்துக்கு இரண்டு குடும்பம். எனக்கு மெசின் வந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. ஏலாது என்று கோடு போட்டுப் படிவத்தைத் திருப்பிக் கொடுத்தேன். ஏன் என்றாள். வேலை என்றேன். அது சனிக்கிழமை, உங்களுக்கு வேலை இல்லாத நாள் பார்த்துத்தான் கேட்டேன் என்றாள். என்னோடு வர உங்களுக்கு விருப்பமில்லையா என்று கேட்டாள்.

அந்த வருடம் ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. எங்கள் வீட்டு ரிவியில் அந்த நேரம் பார்த்து வெள்ளைக் கூடாரங்கள் வரிசை வரிசையாகத் தெரிந்துகொண்டிருந்தன. முள்ளுக்கம்பிக்கு அந்தப் பக்கம் சனம் நின்றது. நான் ரிவியைப் பார்த்தபடி சொன்னேன்:

"எங்கட சனம் கூடாரத்துக்குள்ள பட்ட பாடு காணும் பிள்ளை. என்னால கூடாரத்துக்குள்ள படுக்கேலாது."

அவள் ரிவியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பிறகு வந்து என் கழுத்தைக் கட்டிக்கொண்டு "சொறி அப்பா" என்றாள். அதோடு அந்தக் கதை முடிந்தது. அதன் பிறகு அவள் ஒரு முகாமுக்கும் என்னைக் கூப்பிடவில்லை.

நான் வாழ்க்கையில் கூடாரத்தில் படுத்தவனில்லை. சண்டை எங்கள் பக்கம் முற்றுமுன்பே கொழும்புக்கு வந்து, பிறகு அக்கா அனுப்பிய பத்திரத்தில் மனைவியோடும் ஒரு வயதுப் பிள்ளையோடும் விமானம் ஏறி வந்தவன். யன்னலோர இருக்கை. சாப்பாடும் தந்தார்கள்.

பொய்யைச் சொல்லிவிட்டு மறந்துபோய் இருந்தேன், அபி மறக்கவில்லை. அடுத்த வருடம் ஆங்கிலப் பாடத்துக்கு அவள் எழுதிய கட்டுரை என்னையும் கூடாரத்தையும் பற்றியது. பள்ளிக்கூடத்தில் அதற்கு முதல் பரிசு. பரிசளிப்பு நாளில் நான் கோட் போட்டு முன் வரிசையில் இருக்க, அவள் மேடையில் ஏறி நின்று வாசித்தாள். என் அப்பாவுக்கு கான்வஸ் என்பது துணி இல்லை, அது ஒரு வருடம், ஒரு முள்ளுக்கம்பி என்று ஒரு வரி வந்தது. மண்டபம் முழுக்கக் கை தட்டியது. வெளியே வரும்போது முன்பின் தெரியாத ஒரு தாய் கண் கலங்கி என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். நான் தாங்க்யூ என்றேன். அதைவிடக் கேவலமான தாங்க்யூ ஒன்றை நான் யாருக்கும் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து சேலையை மடித்து வைக்கும்போதுதான் சுகந்தி வாய் திறந்தாள். "ஏத்திப் போட்டியள். இனி எப்பிடி இறக்கப் போறியள்?" என்றாள். எனக்குத் தெரியவில்லை. தெரியாமலே இன்னும் இரண்டு வருடம் போனது.

4.

2012இல் அபி பன்னிரண்டாம் வகுப்பு. சிட்னியில்தான் படிப்பேன் என்று முடிவாகச் சொல்லிவிட்டாள். கிடைத்தால் பெப்ரவரியில் போய்விடுவாள். பரீட்சைக்கு முன் ஒரு நாள், எங்கள் இருவரிடமும் ஒன்றே ஒன்று கேட்டாள். போவதற்கு முன் மூன்று பேருமாக எங்கேயாவது ஆற்றங்கரையில் நாலு நாள். "அப்பாவுக்குக் கூடாரம் ஏலாது எண்டு எனக்குத் தெரியும். கபின் எடுக்கலாம்" என்றாள்.

எனக்கு நெஞ்சு கரைந்துபோனது. கபின் என்றால் வாடகைக்கு விடுகிற குட்டி வீடு, தேடிப் பார்த்தால் ஜனவரிக்கு ஒன்றும் இல்லை. மின்சாரம் உள்ள கூடார இடங்களும் இல்லை. இந்த வருட விடுமுறை முடிவதற்குள்ளேயே அடுத்த வருட விடுமுறைக்குப் பதிந்து வைக்கிற சனம் இது. மிச்சமிருந்தது மறே ஆற்றங்கரைக் காட்டில் பைப்பும் லைட்டும் இல்லாத இலவச இடங்கள்தான். பாவம் செய்தவனுக்கு வருகிற வேகம் ஒன்று இருக்கிறதே, அந்த வேகத்தில் நான் ஒரு ஓய்வுபெற்ற கிழவரிடம் போய் அவருடைய பழைய கூடார ரெயிலரை வாங்கிக் காருக்குப் பின்னால் கொழுவிக்கொண்டு வந்துவிட்டேன்.

அபி வாசலில் நின்று பார்த்தாள். எனக்காக நீங்கள் இதைச் செய்யத் தேவையில்லை அப்பா, உண்மையாகவே தேவையில்லை என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பள்ளிக்கூட ஆலோசகரிடம் என்னைப் பற்றிக் கதைக்கவும் போவதாகச் சொன்னாள். நான் பெரிய வீரனைப் போலத் தலையாட்டினேன். பொய் இப்போது சில்லுப் பூட்டி வீட்டு வாசலில் நின்றது.

மின்சாரம் இல்லாத இடத்தில் என் மெசின் ஓட வேண்டும் என்றால் பற்றறி வேண்டும், பற்றறியை மெசினுக்கு ஏற்ற கரண்டாக மாற்றுகிற இன்வேட்டர் வேண்டும், பகலில் பற்றறியை நிரப்ப சோலார் தகடு வேண்டும். எல்லாம் வைக்க இடம் முன்பெட்டிதான். அதற்குள் கிழவர் காஸ் சிலிண்டரையும் தண்ணீர்க் கான்களையும் கயிறுகளையும் அடைந்து வைத்திருந்தார்.

தயாபரன் வந்தது இந்த வேலைக்குத்தான். விடியற்காலையில் என் பஸ்ஸில் ஏறி, கோழி வெட்டுகிற தொழிற்சாலைக்குப் போகிறவர். நாற்பது வயது இருக்கும். கிளிநொச்சியில் உழவு இயந்திரங்களுக்குப் பெட்டி அடித்தவர். படகில் வந்து தற்காலிக விசாவில் இருக்கிறார். மனைவியும் இரண்டு பிள்ளைகளும் வவுனியாவில். பஸ்ஸில் ஒரு நாள் பெட்டியைப் பற்றிச் சொன்னேன், ஞாயிற்றுக்கிழமையே வெல்டிங் மெசினை இரவல் வாங்கிக்கொண்டு வந்துவிட்டார். கூலி பற்றி வாயெடுத்தேன், கையைக் காட்டித் தடுத்தார். "கோழி வெட்டி வெட்டிக் கை மறந்துபோச்சு அண்ணை. கொஞ்சம் இரும்பு தொடத் தாங்கோ" என்றார்.

என் படத்தைப் பார்த்ததும் அவருக்குச் சிரிப்பு. நான் காஸ் சிலிண்டருக்குப் பக்கத்திலேயே பற்றறியை வரைந்திருந்தேன். காஸ் கசியும், பற்றறி பொறி விடும், இரண்டையும் ஒரு பெட்டிக்குள் பூட்டி வைக்கிறீர்களே, உங்களுக்கு யாரோடு கோபம் என்று கேட்டார். சிலிண்டரைப் பெட்டிக்கு வெளியே எடுத்து, சட்டத்தில் ஒரு வளையம் ஒட்டி அதற்குள் நிறுத்தினார். பெட்டிக்கு நடுவில் தகடு வைத்துப் பிரித்தார். ஒரு பக்கம் பற்றறியும் இன்வேட்டரும், காற்றுப் போக அடியில் துளைகள். மறுபக்கம் மெசினுக்கு ஒரு இழுக்கிற தட்டு. வயர் போகிற ஓட்டைகளின் விளிம்பில் ரப்பர் வளையம் போட்டு, ஒவ்வொன்றையும் விரலால் தடவிப் பார்த்தார்.

5.

இரண்டாவது ஞாயிறு. அளவு பார்ப்பதற்காக ரெயிலரைக் கராஜுக்கு முன்னால் விரித்து வைத்திருந்தோம். தயாபரன் செருப்பைக் கழற்றிவிட்டு மெத்தையில் ஏறிப் படுத்தார். யன்னல் சிப்பை இழுத்துத் திறந்தார், மூடினார், திரும்பத் திறந்தார். "சோக்கா இருக்கண்ணை" என்றார். இறங்கி வந்து, மழை வந்தால் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடும் என்று பார்த்துத்தான் ரெயிலரை நிறுத்த வேண்டும், மேட்டில் விடுங்கள் என்றார்.

அபி தேத்தண்ணி கொண்டுவந்து நின்றாள். பரீட்சை முடிந்திருந்தது. அவளுடைய தமிழ் கொஞ்சம் யோசித்து யோசித்துத்தான் வரும்.

"அங்கிள், உங்களுக்கு டென்ட் பயமில்லையா?"

"ஏன் பிள்ளை பயம்? காம்பில எட்டு மாதம் கூடாரத்துக்குள்ள கிடந்தனான். பிழை கூடாரத்தில இல்லை. வெளியில போக விடமாட்டினம், அதுதான் பிழை. இதில எண்டால் நினைச்ச உடன கழட்டிக்கொண்டு போகலாம்."

"அப்பாவும் இருந்தவர். அவருக்கு இன்னும் ஏலாது" என்றாள் அபி. அவரிடம் என்னைக் கவனமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்கிற தொனி அதில் இருந்தது.

தயாபரன் திரும்பி என்னைப் பார்த்தார். அந்நிய ஊரில் தன் ஊர்க்காரனைக் கண்ட முகம். "அண்ணை, நீங்கள் சொல்லவேயில்லையே. நான் நாலாம் வலயம். நீங்கள் எது?"

ஒன்று என்று சொல்லியிருக்கலாம், இரண்டு என்று சொல்லியிருக்கலாம். அடுத்த கேள்வி வரும், தண்ணீர்த் தொட்டிக்கு எந்தப் பக்கம் என்று. அதற்கும் ஏதாவது சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மனிதன் எட்டு மாதம் கிடந்த இடத்தில் நான் பொய்யாக ஒரு பாய் விரித்துப் படுக்க முடியாது. அந்த அளவுக்கு நான் இன்னும் கெட்டுப்போகவில்லை என்று அப்போதுதான் எனக்கே தெரிந்தது.

"நான் இருக்கேல்லை" என்றேன். "ஒரு காம்பிலயும் இருக்கேல்லை. கூடாரத்தில படுத்ததே இல்லை."

அபி தேத்தண்ணிக் கோப்பைகளைப் பெட்டியின் மூடியில் வைத்தாள். அப்படியென்றால் ஏன் என்று கேட்டாள். குறட்டை என்றேன். மெசின் வந்த புதிது, வெட்கமாயிருந்தது என்றேன். அவள் உள்ளே போனாள். கதவைக்கூட அடித்துச் சாத்தவில்லை. சாத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

தயாபரன் துளை போடுகிற மெசினை எடுத்து மிச்ச வேலையைத் தொடர்ந்தார். நான் சாமான் எடுத்துக் கொடுத்தேன். பின்னேரம் வரை இருவரும் வேலைக்கு வேண்டியதை மட்டும்தான் கதைத்தோம். அவரை வீட்டில் இறக்கிவிடும்போது காரில் இருந்தபடி சொன்னார்: "இருக்கேல்லை எண்டால் நல்லதுதானே அண்ணை. அதுக்கு ஏன் வெக்கம்? குறட்டைக்குமோ வெக்கம்? எங்கட கூடாரத்தில ஒம்பது பேர். விடுற மனிசன் ஒரு நாள் விடாட்டி, நாங்கள் எழும்பித் தொட்டுப் பாப்பம்."

6.

ஒன்பது நாள் அபி என்னோடு தமிழில் கதைக்கவில்லை. ஆங்கிலத்தில் ஓம், இல்லை, உப்பு. எங்கள் வீட்டில் பிள்ளை ஆங்கிலத்தில் பதில் சொல்வது புதிதில்லை, ஆனால் அது சோம்பலில் வருகிற ஆங்கிலம். இது எடுத்து உடுத்திக்கொண்ட ஆங்கிலம். ஒரே ஒரு தரம் நீளமாகச் சொன்னாள். நான் அதை அத்தனை பேருக்கு முன்னால் வாசிக்கும்போது நீங்கள் முன் வரிசையில் இருந்தீர்கள் என்றாள். மன்னித்துக்கொள் என்றேன், அது அவள் கேட்டதற்குப் பதில் ஆகாது என்று எனக்குத் தெரியும்.

தெரிந்தும் சொல்லவில்லை என்று தாயிலும் அவளுக்குக் கோபம். சுகந்தி சமாதானம் சொல்லவில்லை. மரக்கறி வெட்டியபடியே, "கொப்பர் குறட்டைக்கு வெக்கப்பட்டு ஒரு யுத்தத்தையே கூப்பிட்டவர். நான் என்ன செய்ய?" என்றாள். அபிக்குச் சிரிப்பு வந்து, வந்த சிரிப்பை விழுங்கிக்கொண்டு அறைக்குப் போனதைக் கண்டேன். அதில் எனக்குக் கொஞ்சம் உயிர் வந்தது.

அவள் வருவாளா, வரமாட்டாளா என்று தெரியாமலே பெட்டி வேலையை முடித்தேன். சிட்னிக்குப் போகிற பிள்ளை திரும்பி வரும்போது விருந்தாளியாகத்தான் வரும், அது எல்லாருக்கும் தெரிந்ததுதான். கோபத்தோடு போனால் விருந்தாளியாகவும் வராது என்ற பயம் எனக்கு. பெட்டிக்குக் கறுப்புப் பெயின்ற் அடித்துக்கொண்டிருக்கும்போது அவள் கராஜுக்கு வந்தாள். மெசினை எடுத்து அடியில் ஒட்டியிருந்த சின்ன எழுத்தைப் படித்தாள். எத்தனை வாற்ஸ், பற்றறி எவ்வளவு, ஈரப்பதம் போடுகிற சூடாக்கியும் சேர்ந்து ஓடுமா என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. பௌதிகம் படித்த பிள்ளை, பென்சில் எடுத்து ஒரு காகிதத்தில் கணக்குப் போட்டாள். சூடாக்கியை நிறுத்தினால் இரண்டு இரவு நிச்சயம், வெயில் இருந்தால் எத்தனை இரவும் என்றாள். எதையெல்லாம் கொழுவலாம் என்று பட்டியல் எழுதி மூடியின் உட்பக்கம் ஒட்டினாள்: மெசின், இரண்டு லைட், மூன்று ஃபோன். அவ்வளவுதான்.

பிறகு குளியலறைத் தராசைக் கொண்டுவந்து ரெயிலரின் மூக்குக்குக் கீழே வைத்து நிறுத்தாள். பாரம் கூட. முன்னுக்குப் பாரம் கூடினால் காரின் பின்பக்கம் குந்தும், முன்சில்லுகளுக்கு ரோட்டில் பிடி குறையும். தண்ணீர்க் கான்களைப் பெட்டியில் இருந்து எடுத்துச் சில்லுகளுக்குப் பின்னால் வைத்தோம். அவள் ஒரு பக்கம், நான் ஒரு பக்கம் தூக்கினோம்.

"ஆத்துக்காகத்தான் வாறன். உங்களுக்காக இல்லை" என்றாள். தமிழில் சொன்னாள்.

7.

ஜனவரிக் கடைசியில் போனோம். சிட்னியில் இடம் கிடைத்துவிட்டது. மேடு பார்த்து ரெயிலரை நிறுத்தினேன். ஐம்பது அடி தள்ளி இன்னொரு குடும்பம். முதல் இரவு மெசின் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது. குழாயோடு படுத்திருந்த என்னை அபி பார்த்தாள், குட் நைட் சொன்னாள், அவ்வளவுதான். இதற்காகவா நாலு வருடம் என்று எனக்கே என்னைப் பார்க்கச் சிரிப்பு வந்தது.

மூன்றாம் நாள் மப்பு, வெயில் எட்டியும் பார்க்கவில்லை. மதியத்துக்கு மீன் குழம்பு. காஸ் அடுப்பில் ஒரு வாய்தான், அதில் குழம்பு கொதித்தது. சோற்றுக்கு சுகந்தி வீட்டில் இருந்து கொண்டுவந்த றைஸ் குக்கரை எடுத்தாள். நான்தான் வாங்கி இன்வேட்டரில் கொழுவினேன். மூடியில் ஒட்டிய பட்டியல் என் கண்ணுக்கு முன்னால்தான் இருந்தது. ஆனால் சோறு ஒரு மின்சாரச் சாமான் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவேயில்லை. தமிழன் காட்டுக்குப் போனாலும் சோறு சோறுதான். சாப்பிட்டுவிட்டு மூவருமாக ஆற்றில் இறங்கினோம், பின்னேரம் வரை தண்ணீரில் கிடந்தோம். குக்கர் சோற்றைச் சூடாக வைத்திருக்கிற மஞ்சள் லைட் அத்தனை நேரமும் எரிந்துகொண்டிருந்தது.

படுக்கிற நேரம் முகமூடியை மாட்டி மெசினைப் போட்டால், இன்வேட்டர் கீச்சென்று கத்திவிட்டு நின்றது. அபி போய்ப் பெட்டியைத் திறந்து பார்த்தாள். குக்கரைப் பார்த்தாள், எங்களைப் பார்த்தாள். குக்கரின் வயரைப் பிடுங்கினாள். நான் கதிரையை எடுத்துக்கொண்டு வெளியே போகப் பார்த்தேன், விடியும் வரை இருந்துவிடலாம் என்று.

"படுங்கோ அப்பா."

உனக்கு நித்திரை வராது, பக்கத்தில் ஆட்களும் இருக்கிறார்கள் என்றேன்.

"கேட்டால் கேக்கட்டும். வந்து படுங்கோ."

படுத்தேன். ஆற்றில் கிடந்த களைப்பில் உடனே நித்திரையாகிவிட்டேன்.

விடிய எழும்ப, தலை இடித்தது. நல்ல வெயில். வெளியே தாயும் மகளும் தேத்தண்ணியோடு இருந்தார்கள். இருவருக்கும் கண் சிவந்திருந்தது. பக்கத்துக் குடும்பம் எனக்குக் கை காட்டியது, நான் மறுபக்கம் பார்த்தேன். வந்து இதைக் கேளுங்கள் என்று அபி ஃபோனை நீட்டினாள். இரவு பதிந்து வைத்திருக்கிறாள்.

என் குறட்டையை நான் வாழ்க்கையில் முதல் தடவையாகக் கேட்டேன். ஊர் சொன்னது சரிதான், அது மில்தான். எனக்கே சிரிப்பு வந்தது. இனிக் காணும், நிற்பாட்டு என்றேன். பொறுங்கள் என்றாள்.

குறட்டை நின்றது. ஃபோனுக்குள் ஒரு சத்தமும் இல்லை. பதிவு முடிந்துவிட்டது என்று நினைத்தேன், முடியவில்லை. அந்த அமைதிக்குள் சின்னதாக அபியின் குரல் வந்தது. "அப்பா?" என்றது. பதில் இல்லை. பிறகு பாயில் இருந்து எழும்புகிற சத்தம். "அப்பா. அப்பா." அதற்குப் பிறகுதான், தண்ணீருக்குள் இருந்து தலையைத் தூக்குகிறவன் மாதிரி, என் மூச்சு இழுத்துக்கொண்டு வந்தது. மில் திரும்ப ஓடத் தொடங்கியது.

"இரவு முழுக்க இப்பிடித்தான்" என்றாள் அபி. "நான் எண்ணிக்கொண்டு இருந்தனான். ஒருக்கா முப்பத்தெட்டு வரைக்கும் போட்டுது."

"நான் பதினைஞ்சு வருசம் எண்ணினனான்" என்றாள் சுகந்தி, கோப்பையைக் கீழே வைக்காமல்.

மெசின் வந்த இரவுக்குப் பிறகு அவள் சொன்னது, கலியாணத்துக்குப் பிறகு இப்போதுதான் நித்திரை கொள்கிறேன் என்றது, சத்தத்தைப் பற்றியது என்றுதான் நான் இத்தனை காலம் நினைத்திருந்தேன். ஆற்றைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணீர் வந்தது, துடைக்கவில்லை.

அதை அழித்துவிடு அபி என்றேன்.

"மாட்டன். சிட்னிக்குக் கொண்டு போறன்."

நித்திரை சரியில்லாத அடுத்த நாள் நான் வண்டி ஓடக்கூடாது, டொக்டர் சொன்ன விதி. அதனால் அன்று புறப்பட வேண்டிய நாங்கள் இன்னொரு நாள் இருந்தோம். அபி ஃபோனைக் காற்சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எழும்பிப் போய், சோலார் தகட்டை வெயில் பக்கம் திருப்பி வைத்தாள். அன்று முழுக்க நிழல் விழ விழ, அவளேதான் திரும்பத் திரும்ப எழும்பிப் போய்த் திருப்பினாள்.